பசுவின் பருவமும் மூளையின் ஆணையும்

நெசவோடு ஒரு பசுவையும் வளர்த்து வரும் குடும்பங்கள் நம் அங்கத்தினரிடையே பல உண்டு. உழவர் வீடுகளைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. "கன்று ஈன்று ஐந்து மாதமாகியும் மாடு பருவத்துக்கு வரவில்லையே" என்பது அவர்களிடமிருந்து நாம் அடிக்கடி கேட்கும் குறை. ஒரு பருவம் தவறினால் அடுத்தது வர ஏறக்குறைய 21 நாள் காத்திருக்க வேண்டும். அடுத்த ஈற்றும் அத்தனை நாள் தள்ளிப் போகும். பால் வற்றிய மாட்டுக்குத் தீனி மட்டும் நிற்காது. பலர் குற்றத்தைக் கருப்பையின்மேல் சுமத்துகின்றனர். ஆயினும் பருவத்தைத் தொடங்கி வைப்பது கருப்பையன்று. தலைக்குள் இருக்கும் மூளையே ஆகும்.

மூளையின் அடிப்பாகத்தில் ஹைபோதலாமஸ் என்னும் சிறு பகுதி உள்ளது. அதன் கீழே பிட்யூட்டரி சுரப்பி தொங்குகிறது. இச்சுரப்பி விடும் இரு ஹார்மோன்கள் இரத்தத்தின் வழியே சூலகத்தை அடைந்து, முட்டையை முதிர்வித்து வெளிப்படச் செய்கின்றன. பிட்யூட்டரி தன்னிச்சையாய்த் தொழில் புரிவதன்று என்பதை இங்கிலாந்தின் ஜெப்ரி ஹாரிஸ், டோரா ஜேக்கப்சன் என்னும் அம்மையாருடன் சேர்ந்து 1952-இல் எலிகளிடம் மெய்ப்பித்தார். பிட்யூட்டரியைப் பெயர்த்து மூளையின் வேறோரிடத்தில் பதித்தபோது அது சோம்பிக் கிடந்தது. ஹைபோதலாமஸின் அடியில் பதித்தபோது மீண்டும் தொழில் புரிந்தது. மூளையிலிருந்து ஏதோ ஒரு பொருள் நுண்ணிய இரத்தக் குழாய்கள் வழியே இறங்கி வருகிறது என்பது விளங்கிற்று. அப்பொருளின் அமைப்பை ஆண்ட்ரூ ஷாலியின் குழுவினர் 1971-இல் கண்டனர். அதற்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளின் ஹைபோதலாமஸ்கள் தேவைப்பட்டனவாம்! பத்தே அமினோ அமிலங்கள் கோத்த சிறு சரம் அது.

இனித்தான் வியப்பு. 1978-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் எர்னஸ்ட் நோபில் குழுவினர், இப்பொருளைத் தாமே சுரக்க இயலாதபடி செய்யப்பட்ட பெண் குரங்குகளுக்கு அதை இடைவிடாது செலுத்திப் பார்த்தனர், பிட்யூட்டரி அடங்கிவிட்டது. மணிக்கு ஒருமுறை சில நிமிடங்கள் மட்டும் செலுத்தினர், அது விழித்துக்கொண்டது. நெசவாளருக்கு இதை விளக்க வேண்டுமோ? மிதியை அழுத்தியபடியே நின்றால் துணி வளராது; மிதித்து விட்டு, மிதித்து விட்டுத்தான் வளரும். மூளையும் துடிப்புத் துடிப்பாகவே ஆணையிடுகிறது.

சூலகமும் வாளாவிருப்பதில்லை. முட்டைப்பை முதிர முதிர ஈஸ்ட்ரோஜன் பெருகுகிறது. சிறிதளவில் மூளையை அடக்கும் அதுவே, மிகுந்து நிலைத்தவுடன் மூளையைத் தூண்டிப் பெருவெள்ளமாக ஹார்மோனை விடச் செய்கிறது. மாடு கத்துவதும், பிறமாடு ஏறும்போது அசையாது நிற்பதும், கண்ணாடி போன்ற கோழை ஒழுகுவதும் அவ்வேளையில்தான். ஈஸ்ட்ரோஜனின் செய்தியை மூளைக்குள் ஏந்திச் செல்பவை கிஸ்பெப்டின் என்னும் பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள். இவற்றின் பெருமை 2003-க்குப் பின்னரே உலகுக்குத் தெரிந்தது.

இந்நரம்பணுக்களுக்கு உடலின் இருப்பு நிலையும் எட்டுகிறது. ஈன்ற மாடு தின்பதைவிட மிகுதியாகப் பாலில் இழந்து மெலியுமாயின் துடிப்புகள் தளர்கின்றன, முட்டை முதிர்வதில்லை. கன்று ஓயாமல் ஊட்டுவதும் துடிப்பைத் தளர்த்தும். உண்ண வழியில்லாத காலத்தில் இன்னொரு கருவைச் சுமக்க வேண்டாமென்று உடல் ஒத்திப்போடுகிறது என்றே நாம் கருதுகிறோம். ஆகவே விலாவெலும்பு துருத்திய மாட்டுக்கு ஊசியைத் தேடி ஓடுமுன், வைக்கோலோடு பசுந்தீவனமும் பிண்ணாக்கும் தாது உப்பும் கிடைக்கின்றனவா என்று பார்த்தல் வேண்டும். தீனி சரியாயிருந்தும் பருவம் காணாவிடில் கால்நடை மருத்துவரிடம் காட்டுக; கருப்பை நோயும் காரணமாக இருத்தல் கூடும்.

பருவம் வந்தும் நாம் காணத் தவறுவதுண்டு. அது பெரும்பாலும் ஒரு நாள் கூட நிலைப்பதில்லை. எருமையிலோ அறிகுறி மிகக் குறைவு, இரவிலேயே மிகுதியும் தோன்றும். முட்டை வெளிப்படுவது பருவம் தொடங்கி ஏறக்குறைய ஒரு நாள் கழித்தே. ஆதலின் காலையில் பருவம் கண்ட மாட்டுக்கு மாலையிலும், மாலையில் கண்டதற்கு மறுநாட் காலையிலும் சினை ஊசி போடுவிப்பது வழக்கம். விடியுமுன் ஒருமுறையும், படுக்கப் போகுமுன் ஒருமுறையும் விளக்கோடு தொழுவத்தை எட்டிப் பார்ப்பவர்க்கு அவ்வேளை தவறுவது அரிது.