பதநீரையும் பனைவெல்லத்தையும் சுவைத்துத் தரம் அறியும் முறை

பனமலை தன் பெயரிலேயே பனையை உடைய ஊர். அக்குன்றின்மேல் பல்லவ மன்னன் இராஜசிம்மன் எடுப்பித்த கற்றளியில் எழுந்தருளியுள்ள இறைவனும் தாளகிரீசுவரர் எனப்படுவார். அப்பெயரின் முற்பாதி வடமொழியில் பனையைக் குறிப்பதாகும். இவ்வூரைச் சூழ்ந்த விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளில் வரப்புகளிலும் ஏரிக்கரைகளிலும் நிற்கும் பனைகள் தை முதல் ஆனி வரையில் சாறு தருகின்றன. சாறு ஒன்றேயாயினும், அது பதநீராகப் பருகப்படுமா, வெல்லமாகக் காய்ச்சப்படுமா, புளித்துக் கள்ளாகிக் கெடுமா என்பது சில மணி நேரத்திற்குள் முடிவாகிவிடுகிறது. அம்முடிவை முதலில் அறிவிப்பவை நாவும் மூக்குமே. அவற்றை ஒழுங்காகப் பயன்படுத்தும் முறை இங்கே கூறப்படுகிறது.

பிற நாட்டு வழக்கம்

பிரான்சு தேசத்தில் திராட்சை மதுவைச் சுவைத்து மதிப்பிடுவது ஒரு தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. போர்தோ, பர்கண்டி முதலிய வட்டாரங்களின் சரக்கை அதன் நிறம், மணம், சுவை, விழுங்கியபின் நிற்கும் எச்சம் என்னும் வரிசையில் சோதித்து, கண்டதை அப்போதே எழுதி வைப்பர். 1935-ஆம் ஆண்டு முதல் ஊர்ப்பெயரை இட்டு விற்பதற்கு அந்நாட்டில் சட்டக் கட்டுப்பாடும் ஏற்பட்டது. இதனால் ஓர் ஊரின் சரக்கு மற்றோர் ஊரின் சரக்கினின்று வேறுபடுவது ஏன் என்பதைச் சொற்களால் விளக்கவும், நல்ல சரக்குக்கு நல்ல விலை கேட்கவும் அவர்களால் முடிகிறது. நம் நாட்டுப் பனஞ்சாற்றுக்கும் அதே வரிசை பொருந்தும்.

புளிப்பு ஏறும் விதம்

பாளையினின்று சொட்டும் புதுச்சாற்றில் நூற்றுக்குப் பத்து முதல் பதின்மூன்று பங்கு வரை கரும்புச் சர்க்கரையை ஒத்த சர்க்கரை உண்டு. காற்றிலும் கலயத்திலும் உள்ள நுண்ணுயிர்கள் இச்சர்க்கரையை முதலில் எளிய சர்க்கரைகளாகப் பிளக்கின்றன. பின்பு சாராயச் சத்தாகவும் கரிவாயுவாகவும் புளிப்பாகவும் மாற்றுகின்றன. இறுதியில் காடியாகிறது. கலயத்தின் உட்புறம் பூசும் சுண்ணாம்பு அந்நுண்ணுயிர்களின் வேலையைத் தடுக்கிறது. வெயில் ஏற ஏறப் புளிப்பும் விரைந்து ஏறுமாதலால், விடியலுக்கு முன்னரே இறக்குதல் நலம்.

சோதிக்கும் படிகள்

கலயத்தின் வாயில் வாய் வைத்துப் பார்த்தல் கூடாது. சுத்தமான கண்ணாடிக் குவளையில் சிறிதளவு ஊற்றி, வாயை வெறும் நீரால் கொப்பளித்தபின் சோதிக்க வேண்டும். வெற்றிலை, புகையிலை இட்ட வாய் இவ்வேலைக்கு உதவாது.

முதலாவது, பார்வை. நல்ல பதநீரில் சுண்ணாம்பு அடியில் படிந்து, மேல்நீர் தெளிந்திருக்கும். ஓயாது சிறு குமிழிகள் எழுந்து நுரை கட்டினால் புளிப்பு தொடங்கிவிட்டதென அறியலாம். சாறு பால்போல் வெளுத்து, அசையாது வைத்தும் தெளியாவிடில் சந்தேகம் வலுக்கும்.

இரண்டாவது, மணம். புதுப்பதநீரில் இளம்பாளையின் மணமும் நனைந்த சுண்ணாம்பின் மணமும் மெல்லெனத் தோன்றும். பழைய மாவு புளித்த வாடை வந்தால் அது கள்ளின் பக்கம் சாய்ந்தது. மூக்கில் ஏறும் காடி வாடை வந்தால் காய்ச்சுவதற்கும் உதவாது.

மூன்றாவது, சுவை. வாயில் ஒரு மிடறு கொண்டு நாவெங்கும் பரப்ப வேண்டும். முதலில் இனிப்பும், தொடர்ந்து சுண்ணாம்பின் லேசான காரமும் தோன்றுவது முறை. இனிப்புக்கு முன்னரே நாவின் ஓரங்கள் கூசினால் புளிப்பு உண்டு. நாக்கு தடித்து வெந்ததுபோல் இருந்தால் சுண்ணாம்பு மிகை.

நான்காவது, எச்சம். விழுங்கியபின் இனிப்பு மெல்லக் குறைந்து வாய் தூய்மையாக இருக்குமாயின் தரம் உயர்ந்தது. கசப்போ புளிப்போ நின்றால் அதையும் குறித்தல் வேண்டும்.

நாவின் தீர்ப்பைச் சரிபார்க்க நீல லிட்மஸ் தாள் போதும். அது சிவந்தால் சாற்றில் புளிப்பு மேலோங்கிவிட்டது.

வெல்லத்தைச் சோதித்தல்

பதநீரின் குற்றங்கள் யாவும் வெல்லத்தில் வெளிப்படும். சுண்ணாம்பு குறைந்த சாற்றில் சர்க்கரை முன்னமே பிளவுபட்டிருக்குமாதலால், எவ்வளவு காய்ச்சினும் வெல்லம் இறுகாது, மழைக்காலத்தில் கசியும். சுண்ணாம்பு மிகுந்தால் நிறம் கறுத்துக் காரமும் கசப்பும் தங்கும். ஆகவே சாற்றைத் தெளியவைத்து, மேல்நீரை மட்டும் துணியில் வடித்துக் காய்ச்சுதல் அவசியம். பாகைக் குளிர்ந்த நீரில் ஒரு துளி விட்டால் கரையாது உருண்டையாகத் திரளும் தருணமே இறக்கத் தக்கது. அடி பிடித்த பாகின் தீய்ந்த வாடையைப் பிறகு எதனாலும் நீக்க முடியாது.

சீனியோ கரும்பு வெல்லமோ கலந்த சரக்கும் சந்தையில் பனைவெல்லம் என்ற பெயரில் விலையாகிறது. பனைவெல்லத்தின் இனிப்பு படிப்படியாக எழுந்து, சிறிது காரமும் புகைமணமும் கலந்து நெடுநேரம் நிற்கும். கலப்புச் சரக்கில் இனிப்பு சட்டென எழுந்து சட்டென மறையும். உடைத்த முகத்தில் சீனிப் பளபளப்பும் காணலாம். இவை ஐயத்துக்குக் காரணமேயன்றி முடிவான சான்று ஆகா. பரிசோதனைச் சாலையின் அறிக்கையே சான்றாகும்.

வட்டார வேறுபாடுகள்

பதநீருக்குக் கொங்கு நாட்டில் தெளுவு என்றும், குமரி மாவட்டத்தில் அக்கானி என்றும், யாழ்ப்பாணத்தில் கருப்பணி என்றும் பெயர் வழங்குகிறது. தூத்துக்குடிக் கடற்கரையில் உடன்குடி, வேம்பார் ஆகிய ஊர்களில் பாகைச் சிரட்டையில் வார்த்துக் கருப்பட்டி செய்கின்றனர். உடன்குடிக் கருப்பட்டி புவிசார் குறியீடும் பெற்றுள்ளது. தேரிமணலின் தன்மையே அதன் சுவைக்குக் காரணம் என்பது அவ்வூரார் கூற்று. யாழ்ப்பாணத்தார் ஓலையால் முடைந்த சிறு குட்டானில் பாகை வார்த்துப் பனங்கட்டி செய்வர்.

இவ்வேறுபாடுகளுக்கு மண்ணோடு மரத்தின் வயது, ஆண்பனை பெண்பனை என்னும் பேதம், பருவம், சுண்ணாம்பின் அளவு, அடுப்பில் எரிக்கும் விறகு ஆகியனவும் காரணமாகலாம். மண்ணை மாற்ற இயலாது. மற்றவற்றுள் பல குடியானவர் கையில் உள்ளன. எனவே உடன்குடிச் சரக்கைப் போலச் செய்ய முயல்வதைவிட, பனமலைச் சரக்கு எப்படியிருக்கும் என்பதை ஆண்டுதோறும் எழுதி வைத்து, அதில் நல்லதை நிலைநிறுத்துவதே இலாபம் தரும்.

குறிப்பு எழுதும் முறை

ஒவ்வொரு நாளும் ஒரு வரி போதும். மாதிரிக்கு: “பங்குனி 10, காலை 6 மணி. ஏரிக்கரை மரங்கள் நான்கு. தெளிவு நன்று; நுரை இல்லை. பாளை மணம். இனிப்பு முன், காரம் பின், புளிப்பு இல்லை. லிட்மஸ் சிவக்கவில்லை.” “நன்று”, “சுமார்” என்ற சொற்களை மட்டும் எழுதுவதால் பயனில்லை, எது நன்று என்பதைக் கூற வேண்டும். அதே சாற்றில் செய்த வெல்லம் ஆவணியில் எப்படி இருந்தது என்பதையும் பக்கத்தில் சேர்த்தால், குற்றம் எங்கே நேர்ந்தது என்பது தானே விளங்கும்.

கிராம அதிகாரிகள் கவனிக்க வேண்டியது

1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. 1987-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் தொடங்கிக் கள்ளுக்குத் தடை நீடிக்கிறது. எனவே ஒரு கலயத்தில் இருப்பது பதநீரா கள்ளா என்ற கேள்வி, பனையேறுபவரின் பிழைப்பையும் மானத்தையும் தொடுவதாகும். காலையில் இனித்த சாறு, சுண்ணாம்பின் காரம் தீர்ந்தால், மாலையில் மாதிரிப் புட்டிக்குள்ளேயே புளித்துவிடக்கூடும். ஆகையால் மாதிரி எடுக்கும் அதிகாரி, எடுத்த மணி, கலயத்தில் சுண்ணாம்பு இருந்ததா என்பது, அப்போதைய நிறம், மணம், லிட்மஸ் தாளின் முடிவு ஆகியவற்றைச் சாட்சிகள் முன்னிலையில் எழுதி, புட்டியைக் குளிர்ச்சியில் வைத்துத் தாமதமின்றி அனுப்புதல் நீதிக்கு உகந்தது. பனையேறுபவரிடமும் நாட்குறிப்பு இருக்குமாயின் அது அவருக்குத் துணை நிற்கும்.

2021-ஆம் ஆண்டு முதல் பனையை வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று அரசு அறிவித்தது. மரத்தைக் காப்பதற்கு உத்தரவு உதவும்; ஆயினும் மரத்தின் பயன் வீட்டுக்கு வந்தாலன்றி எவரும் அதை மனமுவந்து காக்கமாட்டார். ஒரு குவளை, சிறிது லிட்மஸ் தாள், ஒரு குறிப்புப் புத்தகம் ஆகிய மூன்றையும் இப்பருவத்திலேயே வாங்கி வைத்துக்கொள்ளும் நிலக்கிழார்கள், வரும் தை மாதத்து முதற்பாளையிலிருந்தே இம்முறையைக் கையாளலாம்.