பப்பாளியைக் காப்பாற்றிய குளவி

2008 ஜூலையில் கோயம்புத்தூர்ப் பக்கம் பப்பாளி மரங்களில் வெள்ளை வெள்ளையாக அப்பிக்கொண்டு ஒரு பூச்சி தென்பட்டது. மாவுப்பூச்சி நம் விவசாயிகளுக்குப் புதிதல்ல. திராட்சையில், கொய்யாவில், வாசல் செம்பருத்தியில் பார்த்துப் பழகியதுதான். இரண்டு தடவை மருந்தடித்தால் அடங்கிவிடும் என்று நினைத்தார்கள். இது அடங்கவில்லை. அடுத்த இரண்டு ஆண்டுகளில் ஈரோடு, திருப்பூர், சேலம், நாமக்கல், கரூர் என்று பரவியது. பப்பாளியோடு நிற்காமல் மல்பெரி, மரவள்ளி, பருத்தி, கத்தரி என்று கண்டதிலெல்லாம் ஏறியது. காய்ப்பில் இருந்த தோட்டத்தையே வெட்டிப் போட்டவர்கள் உண்டு.

இன்று அதே மாவட்டங்களில் பப்பாளி நிற்கிறது என்றால் அதற்குக் காரணம் ஒரு மில்லிமீட்டர் நீளம்கூட இல்லாத ஒரு குளவி. நம் பயிர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சியில் இவ்வளவு சத்தமில்லாமல் இவ்வளவு பலன் தந்த வேலை அபூர்வம். இது நடந்த விதத்தை விவசாயிகள் தெரிந்து வைத்திருக்க வேண்டும். இதே போராட்டம் அண்மையில் மரவள்ளியிலும் வந்திருக்கிறது.

முதலில் பூச்சியைப் பார்ப்போம். பப்பாளி இலையைத் திருப்பினால் நடு நரம்பை ஒட்டி மஞ்சள் உடலும் அதன்மேல் மாவு தூவியது போன்ற மெழுகுமாக உட்கார்ந்திருக்கும். பெண் பூச்சி இரண்டு மில்லிமீட்டருக்குச் சற்று மேலிருக்கும். அதற்கு இறக்கை கிடையாது. பஞ்சு போன்ற பையில் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். முட்டையிலிருந்து வரும் குஞ்சுகள் கண்ணுக்கு அகப்படாத அளவு சிறியவை. காற்றிலும், ஆட்களின் துணியிலும், பழம் ஏற்றிய வண்டியிலும் ஒட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடும். செடியின் சாற்றை உறிஞ்சிவிட்டு இனிப்பான பிசினைக் கழிக்கும். அந்தப் பிசினுக்காக எறும்பு வரும்; பிசின் வழிந்த இலையிலும் காயிலும் கரும்பூசணம் படரும். கொழுந்து சுருங்கும், பிஞ்சு உதிரும். ஒரு மாதத்துக்குள் அடுத்த தலைமுறை தயார்.

மருந்து ஏன் எடுபடவில்லை? மெழுகுப் பூச்சின் மேல் விழுந்த மருந்து வழிந்து ஓடிவிடுகிறது. முட்டை பைக்குள் பத்திரமாக இருக்கிறது. தோட்டத்தைச் சுத்தம் செய்தாலும் வேலியோரப் பார்த்தீனியத்தில் அதே பூச்சி காத்திருக்கிறது. பட்டு விவசாயிகளின் பாடு இன்னும் மோசம். மருந்தடித்த மல்பெரி இலையைப் புழுவுக்குப் போட்டால் புழு செத்துவிடும். அடிக்காமல் விட்டால் இலையே இருக்காது. இதற்கு நடுவே, மாவுப்பூச்சியைத் தின்ன வந்த பொறிவண்டுகளையும் மருந்து கொன்றது. அப்போது தோட்டங்களில் ஒரு சிறிய பட்டாம்பூச்சியின் புழுவும் மாவுப்பூச்சியை ஏராளமாகத் தின்றுகொண்டிருந்தது; அதன் கூட்டுப்புழு அச்சு அசலாகக் குரங்கு முகம் போலிருக்கும். இவையெல்லாம் பூச்சி மண்டிக் கிடக்கும் இடத்தில் நன்றாக வேலை செய்யும். கூட்டம் குறைந்ததும் வேறு இடம் பார்த்துப் போய்விடும். மிச்சமிருப்பது மறுபடி பெருகும்.

திருப்பம் ஏற்பட்டது பெயரால். பூச்சியின் இனத்தைச் சரியாக அடையாளம் காணும் வகைப்பாட்டியல் என்ற துறைக்குப் பணமும் குறைவு, புகழும் குறைவு. ஆனால் அந்த வேலைதான் இங்கே பாதி வைத்தியமாக அமைந்தது. குவாம் தீவில் பல ஆண்டுகள் பணியாற்றி, பின் அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்திலிருந்து ஒருங்கிணைந்த பயிர்ப் பாதுகாப்புத் திட்டத்தை நடத்திவந்த ஆர். முனியப்பன் உள்ளிட்டோர், கோயம்புத்தூரில் காணப்பட்டது பாராகாக்கஸ் மார்ஜினேட்டஸ் என்ற இனம் என்று 2008-லேயே பதிவு செய்தார்கள். ஆல்கஹாலில் போட்டால் இதன் மஞ்சள் உடல் கருநீலமாக மாறும் என்பது ஆய்வகத்தில் உதவும் ஓர் அடையாளம்.

பெயர் தெரிந்ததும் அதன் பூர்வீகம் தெரிந்தது. மெக்சிகோவில் 1955-ல் முதன்முதலாகச் சேகரிக்கப்பட்டது. 1992-ல்தான் அறிவியல் பெயர் சூட்டப்பட்டது. 1990-களில் கரீபியன் தீவுகள், 1998-ல் ஃபுளோரிடா, 2002-ல் குவாம் என்று நகர்ந்தது. இலங்கைக்கும் 2008-லேயே வந்துவிட்டது. சொந்த ஊரான மெக்சிகோவில் மட்டும் இது பெரிய தொல்லையாக இருந்ததே இல்லை. அங்கே இதன் உடலுக்குள் முட்டையிட்டு வாழும் குளவிகள் உண்டு. பூச்சி கடல் தாண்டியபோது குளவி கூட வரவில்லை. இவ்வளவு பெருக்கத்துக்கும் காரணம் அதுதான்.

ஆகவே குளவியைக் கொண்டுவர வேண்டும். அமெரிக்க வேளாண் துறை இந்தக் குளவிகளை போர்ட்டோ ரிக்கோவில் வளர்த்து வைத்திருந்தது. குவாமில் அவை மாவுப்பூச்சியை அடக்கியிருந்தன. 2009-ல் இலங்கையும் வரவழைத்து விட்டது. பெங்களூரிலிருந்த தேசிய வேளாண் பூச்சிகள் பணியகத்துக்கு மூன்று இனக் குளவிகள் 2010 ஜூலையில் வந்து சேர்ந்தன. இடையில் போன இரண்டு ஆண்டுகள் விவசாயிகளுக்கு மிக நீண்டவை. ஆனாலும் வெளிநாட்டு உயிரினம் ஒன்றை அவசரத்தில் திறந்துவிடக் கூடாது. வந்த குளவிகளைத் தனிமைக் கூடத்தில் வைத்து, நமக்குப் பயன்படும் பூச்சிகளைத் தொடாது என்று உறுதி செய்த பிறகே, அந்த ஆண்டு அக்டோபர் முதல் தோட்டங்களில் விட்டார்கள்.

மூன்றில் முன்னால் நின்றது அசெரோபேகஸ் பப்பாயே. மனிதரைக் கொட்டாது. பார்ப்பதற்குப் பழுப்பு மஞ்சளில் ஒரு புள்ளி, அவ்வளவுதான். இளம் மாவுப்பூச்சியைத் தேடி அதன் உடலுக்குள் முட்டையிடும். குளவிப் புழு உள்ளிருந்தே தின்று வளரும். மாவுப்பூச்சி உப்பி, விறைத்து, பழுப்புக் கூடாகிவிடும். சுமார் இரண்டு வாரத்தில் அந்தக் கூட்டில் வட்டமாக ஓட்டை போட்டுக்கொண்டு புதிய குளவி வெளியே வரும். மாவுப்பூச்சி ஒரு தலைமுறையை முடிப்பதற்குள் குளவி ஏறக்குறைய இரண்டு தலைமுறை கண்டுவிடுகிறது. தவிர, இந்தக் குளவிக்கு வேறு இரை கிடையாது. கடைசிப் பூச்சி ஒளிந்திருக்கும் இண்டு இடுக்கு வரை தேடிப் போகும்.

குளவியை வளர்க்கும் முறை மிக எளிமையானது. உருளைக்கிழங்கை இருட்டில் முளைகட்ட விட்டு, அந்த முளையில் மாவுப்பூச்சியை ஏற்றி, பூச்சி பெருகியதும் குளவியை உள்ளே விட்டார்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் வேளாண் அறிவியல் நிலையங்களும் இப்படிப் பெருக்கி ஊர் ஊராகக் கொடுத்தன. விவசாயிகளிடம் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: குளவி விட்ட பிறகு மருந்தடிக்காதீர்கள். கண்ணெதிரே இலை வெளுத்துக் கிடக்கும்போது கையைக் கட்டிக்கொண்டிருப்பது லேசான காரியமல்ல. அப்படிப் பொறுத்திருந்தவர்களுக்கும் இந்த வெற்றியில் பங்குண்டு.

2011-க்குள் மாவுப்பூச்சி பல இடங்களில் தேடிப்பிடிக்க வேண்டிய பொருளாகிவிட்டது. இந்திய, அமெரிக்க ஆய்வாளர்கள் 2014-ல் வெளியிட்ட பொருளாதார மதிப்பீட்டின்படி ஐந்து ஆண்டுகளில் இந்தியா அடைந்த பயன், குறைத்துக் கணக்கிட்டாலும், 50 கோடி டாலருக்கு மேல். குளவிக்கு விவசாயி விலை கொடுக்கவில்லை. ஒருமுறை விட்டால் அதுவே பெருகிக்கொள்கிறது. எந்தக் கடையிலும் விற்க முடியாது. தனியார் யாரும் முன்வந்து செய்யாத வேலை என்பதால்தான் இதற்கு அரசு ஆராய்ச்சி நிலையங்கள் தேவைப்படுகின்றன.

நம் மண்ணில் இந்த உத்திக்கு முன்கதையும் உண்டு. தென்னிந்தியாவில் காடு மேடெல்லாம் மண்டியிருந்த சப்பாத்திக்கள்ளியை அழித்ததும் ஒரு பூச்சிதான். 1926-ல் இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்டது.

இனி மரவள்ளிக்கு வருவோம். 2020-ல் கேரளத்தின் திருச்சூரில் முதலில் தென்பட்ட வேறொரு மாவுப்பூச்சி, விரைவிலேயே சேலம், நாமக்கல் பக்கத்துக் குச்சிக்கிழங்குக் காடுகளில் ஏறியது. நுனிக் கொழுந்துகள் கொத்தாகச் சுருண்டு, கணுக்களின் இடைவெளி குறைந்து செடி குட்டையாகும். பப்பாளிக் குளவி இதைத் தொடாது. இது வேறு இனம். உடல் மஞ்சளாக இல்லாமல் இளஞ்சிவப்பாக இருக்கும். 1970-களில் ஆப்பிரிக்காவின் மரவள்ளியைச் சூறையாடியது இதே பூச்சிதான். பராகுவேயில் கண்டெடுத்த அனாகைரஸ் லோபெசி என்ற குளவியைக் கொண்டு அங்கே அதை அடக்கினார்கள். அந்த முயற்சிக்குத் தலைமை தாங்கிய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995-ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அதே குளவியை 2021-ல் மேற்கு ஆப்பிரிக்காவின் பெனினிலிருந்து பெங்களூருக்கு வரவழைத்து, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் விட்டார்கள்.

பப்பாளியோ மரவள்ளியோ, தோட்டத்தில் மாவுப்பூச்சி கண்டால் உடனே மருந்துக் கடைக்குப் போக வேண்டியதில்லை. ஒரு கைலென்ஸ் போதும். இலையின் அடியில் உப்பி விறைத்த பழுப்புக் கூடுகளும் அவற்றில் வட்ட ஓட்டைகளும் தெரிந்தால் குளவி வந்துவிட்டது, மருந்தைத் தொடாதீர்கள். வேலியோரப் பார்த்தீனியத்தைப் பிடுங்கிவிடுங்கள். கூடு ஒன்றுகூட இல்லாமல் பூச்சி மட்டும் பெருகியிருந்தால், பூச்சியிருக்கும் இலையை உறையில் நன்றாக மூடி அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்குக் கொண்டுபோய், இது எந்த மாவுப்பூச்சி என்று கேளுங்கள்.