கீழாநெல்லியும் தானே இறங்கும் காமாலையும்

நாலு மழை பெய்தால் வரப்பிலும் கொல்லையிலும் தானாக முளைத்துவிடும் செடி கீழாநெல்லி. முழங்கால் உயரத்தைத் தாண்டுவது அரிது. இணுக்கின் இருபுறமும் வரிசை பிடித்த சிற்றிலைகளுக்கு அடியில் குட்டி நெல்லிக்காய்போல் காய்கள் தொங்கும். பெயர் வந்தது அதனால்தான். மஞ்சள் காமாலை என்றதும் தமிழ்நாட்டு வீடுகளில் தேடுவது இதைத்தான். வேரோடு பிடுங்கிக் கழுவி அரைத்து, மோரில் கலக்கி, வெறும் வயிற்றில் கொடுப்பார்கள். கூடவே எண்ணெய், புளி, உப்பு நீக்கிய பத்தியம். சில வாரங்களில் கண்ணின் மஞ்சள் இறங்கிவிடும். குணமானது உண்மை. குணமாக்கியது செடிதானா என்பதே கேள்வி.

காமாலை ஒரு நோயின் பெயரல்ல, பல நோய்களின் அடையாளம். ரத்தத்தின் சிவப்பணுக்கள் சிதையும்போது உண்டாகும் பிலிருபின் என்ற மஞ்சள் நிறப்பொருளை ஈரல் பித்தத்தோடு சேர்த்து வெளியேற்றுகிறது. ஈரல் நலிந்தாலும், பித்தக்குழாயைக் கல் அடைத்தாலும், சிவப்பணுக்கள் அளவுமீறி அழிந்தாலும் அது உடம்பில் தேங்கிக் கண்ணில் தெரியும். அசுத்தமான குடிநீரால் பரவும் ஹெபடைடிஸ் ஏ ஈரலை நலிவிக்கும் வைரஸ்களில் ஒன்று. அது உடம்பில் நிரந்தரமாகக் குடியேறுவதில்லை. பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலோ ஓரிரு மாதங்களிலோ உடம்பின் எதிர்ப்பாற்றலே அதைத் துரத்திவிடும். அதற்கென்று தனி மருந்து ஆங்கில மருத்துவத்திலும் கிடையாது. ஆகவே அந்த நாட்களில் கீழாநெல்லி குடித்தாலும், கரும்புச்சாறு குடித்தாலும், மந்திரித்த தண்ணீர் குடித்தாலும் குணமான பெருமை குடித்ததற்கே போகும். தலைமுறை தலைமுறையாகப் பார்த்த அனுபவம் பொய்யாகுமா என்று கேட்கலாம். பார்த்தது பொய்யில்லை. குடிக்காதவர்களையும் பக்கத்தில் நிறுத்தி யாரும் எண்ணிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அப்படி எண்ணிப் பார்த்தவர்களும் உண்டு. சென்னையில் எஸ். பி. தியாகராஜன் குழுவினர், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து 1976இல் நோபல் பரிசு பெற்ற ப்ளூம்பெர்க்குடன் சேர்ந்து நடத்திய ஆய்வு 1988இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. அவர்கள் எடுத்துக்கொண்டது தானாக எளிதில் விலகாத நாட்பட்ட பி வகைத் தொற்றை. 30 நாள் கீழாநெல்லிப் பொடி உண்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்திலிருந்து வைரஸின் மேலுறைப் புரதம் மறைந்தது. வெற்றுப்பொடி உண்ட 23 பேரில் ஒருவருக்கே அப்படி. உலகமே திரும்பிப் பார்த்த முடிவு. ஆனால் பிற நாடுகளில் செய்து பார்த்தபோது இந்தப் பலன் கிட்டவில்லை. ஆய்வுகளைத் தொகுத்துச் சீர்தூக்கிய காக்ரேன் அறிக்கையும் 2011இல் நம்பத்தக்க ஆதாரம் இல்லை என்றே சொன்னது. மண் வேறு, செடியின் இனம் வேறு என்று வாதிடலாம், நியாயமான வாதம்தான். இதே சாயலில் இன்னும் சில செடிகள் இருக்கின்றன, கடைச்சரக்கில் அவை கலப்பதும் உண்டு. ஆனால் அந்த வாதம் நாட்டு மருந்துக் கடையில் பொட்டலம் வாங்குபவருக்கும் பொருந்துமே! அவர் கைக்கு வந்தது எந்தச் செடி என்று யார் சொல்வது?

பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே என்பது கடைசி வாதம். செடியால் பெரிய கெடுதல் இல்லைதான். கெடுப்பது, அதை நம்பிக் கழியும் நாட்கள். பித்தக்குழாயில் சிக்கிய கல்லைக் கீழாநெல்லி கரைக்காது. மலம் களிமண்போல் வெளுத்து, உடம்பெல்லாம் அரிப்பது அந்த அடைப்பின் அறிகுறி. எலிக்காய்ச்சலால் வரும் காமாலைக்குத் தாமதமின்றி ஆன்டிபயாட்டிக் வேண்டும். நிறைமாதக் கர்ப்பிணிக்கு ஹெபடைடிஸ் ஈ உயிரையே பறிக்கக்கூடியது. சாப்பிட முடியாமல் துவண்டு கிடப்பவருக்குப் பத்தியமும் சேர்ந்தால் இருக்கிற தெம்பும் போகும். எந்தக் காமாலை என்பதைப் பிரித்தறிய ரத்தப் பரிசோதனையும் தேவைப்பட்டால் ஸ்கேனும் இருக்கின்றன. பார்த்து, ஏ வகைதான், பயமில்லை என்று மருத்துவர் சொன்ன பிறகு ஒருவர் கீழாநெல்லியை மோரில் கலக்கிக் குடித்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. மோராவது உள்ளே போகும்.