மலிந்த விலையும் மிகுந்த செலவும்

வவுனியாப் பகுதியில் குளக்கட்டை உயர்த்தி வான் வெட்டும் அரசாங்க வேலைக்கு இருவர் விலை கோருகின்றனர் என்க. மதிப்பீட்டின்படி மண் 1,000 கியூப், பாறை 10 கியூப். முதலாமவர் கியூப் ஒன்றுக்கு மண்ணுக்கு 5,000 ரூபாவும் பாறைக்கு 40,000 ரூபாவும் கேட்கிறார். மற்றவர் 5,500 ரூபாவும் 15,000 ரூபாவும். மொத்தத்தில் முதலாமவரே இரண்டரை இலட்சம் ரூபா மலிவு, வேலையும் அவருக்கே.

ஆனால் வன்னி மண்ணின் கீழே கருங்கற்பாறை எங்கே தலைதூக்கும் என்று மேலிருந்து கூறல் அரிது. பாறை 40 கியூப் ஆகிவிட்டால், அவரே ஐந்து இலட்சம் ரூபா கூடுதல்! பாறை மிகுமென அவர் முன்னரே அறிந்திருந்தாரா? பிணக்கு பிறப்பது இங்கேதான். எழுதிய விலையைக் கேட்பது அவரது உரிமை. அளவைப் பிழையாகக் கணித்ததோ திணைக்களம்.

2006ஆம் ஆண்டின் இலங்கைக் கொள்முதல் விதிகள், இத்தகைய சமநிலையற்ற விலைகளுக்குக் கணக்கு விளக்கம் கேட்கவும் பிணைத்தொகையை உயர்த்தவும் இடமளித்தன. கேள்வி கோருமுன் நிலத்தைத் துளைத்துப் பார்த்திருந்தால், அந்த 40 கியூப்பும் பட்டியலிலேயே ஏறியிருக்கும்.