அதிர்வை அடக்கும் கலை: ஃபங்க், சோல் இசைக்கு ஒரு பழைய டிரம்ஸ்

1969 நவம்பரில், ஓஹையோ மாநிலத்துச் சின்சினாட்டி நகரின் கிங் ஒலிப்பதிவுக் கூடத்தில் ஜேம்ஸ் பிரவுனின் குழு ‘ஃபங்கி டிரம்மர்’ பாடலைப் பதிந்தது. ஓரிடத்தில் மற்றக் கருவிகள் எல்லாம் ஓய, கிளைட் ஸ்டபிள்ஃபீல்டின் டிரம்ஸ் மட்டும் ஏறத்தாழ 20 நொடி தனித்து ஒலிக்கிறது. பிற்கால ஹிப்-ஹாப் பாடல்கள் பலவற்றுக்கு அந்தச் சிறு பகுதியே அடித்தளமாயிற்று. அதில் என்னை வியக்கவைப்பது அடியின் வலிமை அன்று. ஓர் அடி பிறந்து, மறு அடி பிறக்குமுன் ஒலி முற்றாக அடங்கிவிடுகிறது. அதனால்தான் உரத்த அடிகளுக்கு நடுவே குச்சி தோலைத் தொட்டும் தொடாமலும் விழும் நுண்ணடிகள்கூடத் தெளிவாகக் கேட்கின்றன.

நிமிடத்துக்கு 100 தட்டு என்னும் நடையில் ஒரு தட்டின் நீளம் 600 மில்லிநொடி. அதை நான்காகப் பகுத்தால் 150 மில்லிநொடி. அடியில் கம்பிச்சரம் பூட்டிய ஸ்நேர் டிரம் அரை நொடி முழங்கினால் அடுத்து வரும் மூன்று நுண்ணடிகளை அது விழுங்கிவிடும். ஆகவே 1960-களில் லுட்விக், ஸ்லிங்கர்லேண்ட், கிரெட்ச் நிறுவனங்கள் செய்த டிரம் தொகுதி ஒன்றை ஃபங்க், சோல் இசைக்கு ஆயத்தம் செய்வோர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, ஒலி எவ்வளவு நேரம் வாழலாம் என்பதையே.

வட்டத் தோல் அதிரும் முறை, இழுத்துக் கட்டிய கம்பி அதிரும் முறையினின்று வேறானது. கம்பியின் மேற்சுரங்கள் அடிச்சுரத்தின் 2, 3, 4 மடங்குகளாக ஒழுங்குற அமைகின்றன. தோலில் அவை 1.59, 2.14, 2.30 என முறைகெட்டு நிற்கின்றன. மிருதங்கத்தின் வலந்தலை நடுவே ஏற்றப்படும் கருநிறப் பூச்சு, தன் எடையால் இம்முறைகேட்டைத் திருத்தி மேற்சுரங்களை இசைவுக்குள் கொண்டுவருகிறது. இத்தகைய இந்திய முழவுகளின் இயல்பைச் சி. வி. இராமன் 1920-இல் ‘நேச்சர்’ இதழில் எடுத்துரைத்தார். அமெரிக்க டிரம்மில் அத்தகைய பூச்சு இல்லை. அங்கே மேற்சுரங்களைத் திருத்த இயலாது, தணிக்கத்தான் இயலும்.

எங்கே தணிப்பது? அடிச்சுர அதிர்வில் தோலின் நடு மிகுதியாக அசைகிறது, விளிம்பருகே அசைவு மிகக் குறைவு. உயர் மேற்சுரங்களோ விளிம்பை ஒட்டியும் வலுவாக அசைகின்றன. எனவே விளிம்பருகே வைக்கும் சிறு எடை மேற்சுரங்களை அடக்கி, அடிச்சுரத்தைப் பெரும்பாலும் விட்டுவைக்கிறது. மெம்பிஸ் நகரின் ஸ்டாக்ஸ் கூடத்தில் வாசித்த அல் ஜாக்சன் தம் பணப்பையை ஸ்நேர் தோலின்மேல் வைத்து வாசித்தார் என்பது இசைஞரிடையே நெடுநாளாக வழங்கும் செய்தி. அந்தப் பை, இயற்பியல் வேண்டும் இடத்தில் வேண்டும் எடையாக அமைந்தது. குச்சி தோலின் நடுவில் விழுவதும் இதற்குத் துணைசெய்கிறது. தோலை இரு பாதியாகப் பிரித்து எதிரெதிராக அசையும் அதிர்வுகளுக்கு நடுப்புள்ளி அசையா இடம். அங்கே அடித்தால் அவை எழுவதில்லை. நெடுநேரம் இரீங்கரிக்கும் அதிர்வுகள் பெரும்பாலும் அவையே.

பழைய லுட்விக் கூடுகள் மூன்று மெல்லிய மரத்தகடுகளை ஒட்டி வளைத்தவை. இரு முனையிலும் உட்புறம் வலுவூட்டும் மேப்பிள் வளையம் உண்டு. தோல் அமரும் விளிம்பு, இன்றைய டிரம்மைப்போலக் கூராக இல்லாமல் சற்று உருண்டிருக்கும். தோலை அது கூடுதலான பரப்பில் தொடுவதால் மேற்சுரங்கள் அங்கேயே ஓரளவு அடங்குகின்றன. பழுது பார்க்கிறேன் என்று இவ்விளிம்பைக் கூராகச் சீவிவிடுவோர் உண்டு. பிளவோ நெளிவோ இல்லாத பழைய விளிம்பில் உளி படவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

தோலைப் பொறுத்தவரை, வெண்பூச்சுள்ள ஒற்றைப் படலமே ஏற்றது. கால் மில்லிமீட்டர் தடிப்புள்ள பாலியெஸ்டர் படலம் அது. 1950-களின் பிற்பகுதியில் ஈரக்காற்றில் தளர்ந்துபோகும் கன்றுத்தோலின் இடத்தை இவ்வகைப் படலமே பிடித்தது. இறுக்கும்போது ஒவ்வொரு திருகின் அருகிலும், வளையத்திலிருந்து இரு விரல் உள்ளே, குச்சி நுனியால் மெல்லத் தட்டிக் கேட்க வேண்டும். சுரம் தாழ்ந்த இடத்தில் திருகைச் சிறிது முடுக்கி, அதற்கு நேரெதிர்த் திருகையும் உடனே சரிபார்க்க வேண்டும். அதிர்வெண் இழுவிசையின் இருமடி மூலத்தைப் பொறுத்தது. ஆதலால் தளர்வாகக் கட்டிய தோலில் திருகின் சிறு அசைவும் சுரத்தைப் பெரிதும் மாற்றும். சோல் இசையின் தாழ்ந்த சுரமுள்ள டாம் டிரம்களுக்குக் கூடுதல் பொறுமை தேவைப்படுவது இதனால்தான்.

பேஸ் டிரம்முக்கு, தோலுக்கும் கூட்டின் விளிம்புக்கும் இடையே கம்பளிப்பட்டை ஒன்றை நடுவை விட்டு ஒதுக்கி இழுத்துக் கட்டினால் பெரும்பாலும் போதும். இன்னும் குறுகிய ஒலி வேண்டுவோர் உள்ளே மடித்த போர்வை ஒன்றை இரு தோலையும் இலேசாகத் தொடுமாறு வைக்கலாம். தலையணைகளைத் திணித்தால் ஒலியோடு உயிரும் போய்விடும்.

ஸ்நேரின் அடித்தோல் மிக மெல்லியது. அதை நன்கு இறுக்கலாம். அதன்மேல் படியும் கம்பிச்சரத்தை மட்டும் மிகையாக முறுக்கக் கூடாது. முறுக்கினால் மெல்லடிக்குக் கம்பிகள் விடையளிக்க மாட்டா. தளர்த்திவிட்டால் டாமைத் தட்டும்போதெல்லாம் கூடவே சலசலக்கும். குச்சியை ஒரு விரற்கடை உயரத்திலிருந்து தானாக விழவிட்டுப் பார்க்க வேண்டும். அந்த அடிக்கும் கம்பிகள் ‘சிக்’ என ஒலித்து உடனே அடங்கினால், திருகை அங்கேயே நிறுத்திவிடலாம்.