சட்டைப் பையில் ஒரு கங்காணி



நம் பிள்ளைகள் பலர் இன்று பிழைப்புக்காகச் சிங்கப்பூர் போகிறார்கள். அவர்களுக்கும் வீட்டிலிருக்கும் உங்களுக்கும் ஒரு சங்கதி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தைப் பக்கம் நின்றிருந்தேன். கட்டுமான வேலை செய்யும் புதுக்கோட்டைத் தம்பி ஒருவர் கைப்பேசியை நீட்டினார். "அண்ணே, வேலைக்கு வந்த நேரத்தைக் குறிக்க முதலாளி ஒரு செயலி போடச் சொன்னாரு. நான் இருக்கிற இடத்தை எப்பவும் பார்க்கலாமான்னு கேட்டுச்சு. சரின்னு அமுக்கிட்டேன். இப்ப நான் தேக்காவுல நிக்கறதும் அவருக்குத் தெரியுமாண்ணே?"

தெரியக்கூடும், தம்பி!

பெரட்டில் பேர் கூப்பிட்ட பிறகு, நாம் எந்த நெரையில் பால் வெட்டுகிறோம் என்று கங்காணி பார்ப்பார். அது வேலை. ஆனால் வேலை முடிந்து லயத்துக்கு வந்த பிறகும், கோயிலுக்கும் கடைக்கும் அவர் பின்னாலேயே வந்தால் சும்மா இருப்போமா? "எப்போதும்" என்று அமுக்கினால், கைப்பேசி பையில் கிடக்கும்போதும் அந்தக் கங்காணி விழித்திருப்பான். 2015-இல் கலிபோர்னியாவில் ஒரு பெண் ஊழியர், ஓய்வு நேரத்திலும் தன்னைத் தொடர்ந்த செயலியை எடுத்ததற்காக வேலைநீக்கம் செய்யப்பட்டதாக வழக்கே போட்டார்.

சிங்கப்பூரிலும் ஒரு பாடம் உண்டு. கோவிட் காலத்தில், 2020 மார்ச்சில், 'டிரேஸ்டுகெதர்' செயலி வந்தது. யார் யாருக்கு அருகில் இருந்தார் என்பதை அது புளூடூத் மூலம் குறித்தது. இருக்கும் இடத்தைச் சேகரிக்கவில்லை. ஆனாலும் ஆண்ட்ராய்டு கைப்பேசியில் இட அனுமதி கேட்டது. அன்றைய ஆண்ட்ராய்டில் புளூடூத்தால் தேடுவதற்கே அந்த அனுமதி வேண்டும். 2021-இல் வந்த ஆண்ட்ராய்டு 12-தான் இரண்டையும் பிரித்தது.

2020 ஜூனில் விடுதித் தொழிலாளருக்கு அச்செயலி கட்டாயமானது. நோய்த்தொற்றைக் கண்டறிய மட்டுமே என்றார்கள். 2021 ஜனவரியிலோ, குற்ற விசாரணைக்குப் போலீசாரும் அந்தத் தகவலைப் பெறலாம் என்று நாடாளுமன்றத்தில் தெரிய வந்தது. மக்கள் கேள்வி கேட்டார்கள். பிப்ரவரியில் சட்டம் வந்தது: கொலை, ஆள்கடத்தல் போன்ற ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டும்! 2023 பிப்ரவரியில் செயலி நிறுத்தப்பட்டது.

நோக்கம் நல்லதுதான். ஆனாலும் வாய்ச்சொல் போதாது. சம்பள ஒப்பந்தத்தை எழுத்தில் கேட்கும் நாம் இதையும் எழுத்தில் கேட்க வேண்டும். எதற்கு இந்த அனுமதி? யார் பார்ப்பார்கள்? எத்தனை நாள் வைத்திருப்பார்கள்? வேலை முடிந்தால் நிற்குமா?

வழி தேடவும் டாக்சி கூப்பிடவும் இடம் தெரிந்தாக வேண்டும், மறுக்கவில்லை. செட்டிங்ஸில் 'லொக்கேஷன்' பகுதியைத் திறந்து, ஒவ்வொரு செயலிக்கும் "பயன்படுத்தும்போது மட்டும்" என்று மாற்றுங்கள். தேவையில்லாததற்கு அனுமதியே வேண்டாம். படிக்கத் தெரிந்த பிள்ளைகள் பெரியவர்களுக்குச் செய்து கொடுங்கள்.

அங்கேயே நின்று தம்பி கைப்பேசியில் மாற்றினோம். வந்த நேரம் குறிக்க அது போதும். கைப்பேசியைப் பையில் போட்டுக்கொண்டு தம்பி சொன்னார்: "ஆறு நாள் அவங்களுக்கு. ஞாயித்துக்கிழமையாவது நமக்கு இருக்கட்டும்ணே."