காற்றை எதிர்க்கும் பாய்ப் படகு: கை கொடுக்கும் ‘ஓஹோட்டி’!

மும்பையில் வாழும் தமிழருக்குப் ‘பர்தி’, ‘ஓஹோட்டி’ என்ற இரண்டு மராத்திச் சொற்களும் புதியவை அல்ல. கடல் நீர் ஏறுவது பர்தி. வற்றுவது ஓஹோட்டி. மழைக்காலம் வந்துவிட்டால் பர்தி நேரம் பத்திரிகையில் வரும். நாலரை மீட்டர் ஏற்றம் என்று கண்டால், வேலைக்குப் புறப்படுகிறவர்கள் ஒரு தடவை வானத்தையும் பார்த்துக்கொள்வார்கள். 2005-ம் ஆண்டு ஜூலை 26-ந் தேதி சாந்தாகுரூசில் 944 மில்லி மீட்டர் மழை கொட்டியது. அன்று கடல் ஏற்றமும் சேர்ந்துகொண்டதால், மழை வெள்ளம் வடிய வழியில்லாமல் நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

ஆனால் இந்த ஏற்ற வற்றத்துக்கு வேறு ஒரு வேலையும் உண்டு. எஞ்சின் இல்லாமல் பாயை மட்டும் நம்பிப் போகிற படகு, எதிர்க் காற்றில் கரை சேருமா, சேராதா என்பதை முடிவு செய்வது பல நேரங்களில் காற்று அல்ல. அடியில் ஓடும் தண்ணீர்தான்!

தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்கு மும்பைக் கடலின் ஏற்ற இறக்கம் முதலில் அதிசயமாகத்தான் இருக்கும். தூத்துக்குடியில் கடல் ஏறி இறங்குவது ஒரு மீட்டருக்கும் குறைவு. சென்னையில் சுமார் ஒரு மீட்டர். மும்பையிலோ அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நாலு மீட்டரைத் தாண்டுவதும் உண்டு. வடக்கே காம்பே வளைகுடாவில், பாவ்நகர்ப் பக்கம் போனால் அது 10 மீட்டர் அளவுக்குப் போகும். மும்பைத் துறைமுகத்தில் இந்திரா டாக்குக்குக் கதவு போட்டு வைத்திருப்பது ஏன் என்று அங்கே வேலை பார்ப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள். கதவு இல்லையென்றால் ஓஹோட்டியில் உள்ளே இருக்கிற தண்ணீரும் இறங்கிவிடும்.

இத்தனை தண்ணீரும் தெற்கே திறந்திருக்கும் துறைமுக வாய் வழியாகத்தான் உள்ளே வரவேண்டும். அதே வழியாகத்தான் வெளியே போகவேண்டும். சுமார் ஆறு மணி நேரம் வடக்கு நோக்கி ஓடும். பிறகு ஆறு மணி நேரம் தெற்கு நோக்கி ஓடும். மறுநாள் எல்லாம் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போகும்.

நம் ஊர் மீனவர்கள் நீரோட்டத்தை ‘நீவாடு’ என்பார்கள். அங்கே அது பெரும்பாலும் பருவக் காற்றோடு மாறுகிற விஷயம். இங்கே நாள் ஒன்றுக்கு நாலு தடவை திசை மாறுகிறது!

ஏற்றமும் ஒரே சீராக நடப்பதில்லை. கடலோடிகள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். மொத்த ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால், முதல் மணியில் ஒரு பங்கு, இரண்டாவது மணியில் இரண்டு, மூன்றாவதிலும் நாலாவதிலும் மூன்று மூன்று, ஐந்தாவதில் இரண்டு, ஆறாவதில் ஒன்று. நாலு மீட்டர் ஏற்றம் என்றால் நடுவில் உள்ள இரண்டு மணி நேரத்தில் மட்டும் இரண்டு மீட்டர் ஏறிவிடும். அப்போதுதான் ஓட்டமும் மிகுந்திருக்கும்.

ரெயில் பெட்டிக்குள் நடப்பவர்

பாய்ப் படகு காற்றுக்கு நேர் எதிரே போக முடியாது. காற்றுக்கு இந்தப் பக்கம் சுமார் 45 டிகிரி சாய்ந்து கொஞ்ச தூரம், பிறகு திரும்பி அந்தப் பக்கம் கொஞ்ச தூரம் என்று வளைந்து வளைந்துதான் முன்னேற வேண்டும். மலைப் பாதையில் பஸ் ஏறுவது போல! படகு நாலு நாட் வேகத்தில் ஓடினாலும், அதாவது மணிக்கு நாலு கடல் மைல் ஓடினாலும், காற்றுக்கு எதிரே உண்மையில் முன்னேறுவது மணிக்கு 2.8 மைல்தான்.

இப்போது தண்ணீரைச் சேர்த்துப் பாருங்கள். ஓடுகிற லோக்கல் ரெயிலில் ஒருவர் பெட்டிக்குள் முன்னே நடக்கிறார். அவர் நடை ஒன்று. ரெயிலின் ஓட்டம் வேறு. இரண்டும் சேர்ந்துதான் அவரைக் கொண்டுபோகிறது. படகுக்குத் தண்ணீர்தான் ரெயில்.

காற்று வரும் திசையில் மூன்று கடல் மைல் போகவேண்டும் என்று வையுங்கள். தண்ணீர் அசையாமல் நின்றால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலே ஆகும். இரண்டு நாட் ஓட்டம் படகோடு சேர்ந்து ஓடினால் 37 நிமிடம் போதும். அதே ஓட்டம் எதிரே வந்தால் மூன்றரை மணிக்கு மேல்! அதற்குள் நீரே திரும்பத் தொடங்கிவிடும் என்பது வேறு விஷயம்.

கணக்கு இதோடு நிற்கவில்லை. ஓடுகிற ரெயிலின் வாசலில் நிற்பவர் முகத்தில் காற்று அடிக்கிறது அல்லவா? தண்ணீர் காற்றை எதிர்த்து ஓடும்போது, அதன் மேல் மிதக்கும் படகின் பாயில் காற்று கூடுதலாக அடிக்கும். கரையில் எட்டு நாட் காற்று என்றால், அந்தப் பாய்க்கு அது பத்து நாட். தண்ணீர் காற்றோடு சேர்ந்து ஓடினால் பாய்க்குக் கிடைப்பது ஆறு நாட்தான். காற்றின் விசை அதன் வேகத்தைத் தன்னாலேயே பெருக்கியது போல் கூடும். பத்துக்கு 100, ஆறுக்கு 36. ஏறக்குறைய மூன்று மடங்கு வித்தியாசம்! ஆக, உதவுகிற நீர் இரண்டு கையாலும் உதவுகிறது. தடுக்கிற நீர் இரண்டு கையாலும் தடுக்கிறது.

உதவிக்கு ஒரு விலை

இங்கேதான் ஆபத்தும் இருக்கிறது. தென்மேற்குக் காற்று வீசும் நாளில் துறைமுகத்தை விட்டு வெளியே போகும் படகுக்குக் காற்று எதிரே வருகிறது. ஓஹோட்டி கூட வருகிறது. வேகமாக வெளியேற அதைவிட நல்ல நேரம் இல்லை. ஆனால் காற்றும் நீரும் எதிரெதிராக மோதும்போது அலைகள் நெருங்கி, நிமிர்ந்து, சுவர் போல் எழும். அதே காற்று, அதே கடல். பர்தி நேரத்தில் அலை நீண்டு படிந்து கிடக்கும். சீக்கிரம் போக வைக்கிற தண்ணீர்தான் சிறு படகைக் கவிழ்க்கவும் பார்க்கிறது! மழைக்காலத்தில் கேட்வேயிலிருந்து மாண்ட்வாவுக்குச் செல்லும் சிறு படகுப் போக்குவரத்து நிறுத்தப்படுகிறது. தென்மேற்குக் காற்று எழுப்பும் கொந்தளிப்பே காரணம். ஓஹோட்டி நேரத்தில் அந்தக் கொந்தளிப்பு இன்னும் மோசமாகும். காற்று பலமாக உள்ள நாளில் அனுபவசாலி, நீர் ஓய்கிற நேரம் வரை காத்திருந்து புறப்படுகிறார். நேரம் போனாலும் படகு மிஞ்சும்.

படகோட்டிகளிடையே வெகு காலமாக ஒரு நம்பிக்கை உண்டு. நீரோட்டம் படகின் ஒரு பக்கத்தில் மோதும்படி முகப்பைக் கொஞ்சம் திருப்பி வைத்துக்கொண்டால், அது படகைக் காற்றின் பக்கமாகத் தூக்கித் தள்ளும் என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சீராக ஓடும் தண்ணீர் படகின் மேல் ‘மோதுவது’ இல்லை. படகையும் சேர்த்துக்கொண்டு போகிறது. பெட்டிக்குள் நடப்பவர் எந்தப் பக்கம் முகத்தைத் திருப்பினாலும் ரெயில் அதே வேகத்தில்தான் போகும். இந்த நம்பிக்கையை நம்பிச் சுக்கானைத் திருப்புகிறவர் வேகத்தை இழப்பதுதான் மிச்சம்.

உண்மையான சூட்சுமம் வேறு இடத்தில் இருக்கிறது. நீரோட்டம் எல்லா இடத்திலும் ஒன்று போல இல்லை. பெரிய கப்பல்கள் போகும் ஆழமான வழியில் ஓட்டம் அதிகம்; கரையோர ஆழமில்லா நீரில் குறைவு. நீர் திசை மாறுவதும் பெரும்பாலும் கரையோரத்தில்தான் முதலில் தொடங்கும். ஆகவே நீர் எதிரே வந்தால் கரையை ஒட்டிப் போக வேண்டும். உதவியாக வந்தால் ஆழத்துக்குப் போக வேண்டும். அளவோடுதான்! கொலாபா முனைக்குத் தெற்கே பிராங்ஸ் கலங்கரை விளக்கம் நிற்பது பாறைத் திட்டின் மேல். கரையை ரொம்பவும் ஒட்டினால் அடி தட்டும்.

காற்று அடியோடு விழுந்து, நீர் எதிரே ஓடினால் என்ன செய்வது? நங்கூரம் போட வேண்டியதுதான். பந்தயத்தில்கூட இது நடக்கும். மற்றப் படகுகள் பாய் விரித்தபடியே பின்னோக்கிப் போக, நங்கூரம் போட்டுச் சும்மா நிற்கிற படகு முந்திக்கொள்ளும்!

1982-ம் ஆண்டு ஆசிய விளையாட்டுப் போட்டிகள் டெல்லியில் நடந்தபோது, பாய்ப் படகுப் பந்தயங்கள் பம்பாயில் (இப்போது மும்பை) நடந்தன. ‘பயர்பால்’ ரகப் படகில் பரூக் தாராப்பூர், ஜரீர் கரஞ்சியா ஜோடி இந்தியாவுக்குத் தங்கப் பதக்கம் வென்றது. இப்படிப்பட்ட கடலில் காற்றை மட்டும் பார்த்துப் படகு விட்டால் போதாது. பர்தி அட்டவணையும் மனப்பாடமாக இருக்க வேண்டும்.

இதையெல்லாம் பார்க்கக் காசு செலவில்லை. விடுமுறை நாளில் கேட்வேக்குப் போனால், தள்ளிக் கட்டிப் போட்டிருக்கும் படகுகளைக் கவனியுங்கள். காற்று பலமாக இல்லாத நாளில் அவை நீர் வரும் பக்கம் முகம் காட்டி நிற்கும். வடக்கே பார்த்து நின்றால் ஓஹோட்டி. தெற்கே பார்த்தால் பர்தி. ஆளுக்கொரு பக்கம் பார்த்தபடி குழம்பி நின்றால், நீர் திரும்புகிற நேரம் அது. கரைக்கு அருகில் உள்ள படகு முதலில் திரும்புகிறதா, தள்ளி நிற்பதா என்று பாருங்கள்.